வேலாயியின் புருஷன் எரிந்தானா, எரியவில்லையா?

நரிப்பாறைத் தோட்டத்து வேலாயியின் புருஷன் 1969ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு விடியற்காலையில், நானூறு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது காணாமல் போனான். காணாமல் போகிறவர்கள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போவதுதான் வழக்கம். மாடசாமிக்கோ எதையும் கூட்டத்துக்கு நடுவில் செய்தால்தான் செய்த மாதிரி இருக்கும்.

இலங்கை மலையகத்தில், பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் சரிவில் இருந்த தேயிலைத் தோட்டம் நரிப்பாறை. மாசி பிறந்தால் அங்கே காமன் கூத்து. தவத்தில் இருக்கும் சிவன்மேல் மதன் கரும்பு வில்லை வளைத்துப் பூங்கணை விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனைச் சாம்பலாக்குவார். ரதி தரையில் புரண்டு அழுவாள். மூன்றாம் நாள் சிவன் மனமிரங்கி அவனை எழுப்பித் தருவார். மதன் வேஷம் ஏழு வருஷமாக மாடசாமிக்குத்தான். ஆள் அழகன். சுருட்டை முடி, மை தீட்டாமலே தீட்டியது போன்ற கண். கூத்து முடிந்த பிறகும் பதினோரு மாதம் அந்த வேஷத்தை அவன் மனசு கழற்றாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசைப் பக்கம் தலையைச் சாய்த்து நிற்பான். மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் பசி தாங்காமல் கரும்பு வில்லையே கடித்து, முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டான். அதன்பின் உலகத்திலேயே பொக்கைவாய் மன்மதன் இருந்த ஒரே தோட்டம் நரிப்பாறை.

அவனை வேலாயி நேசித்தாளா? நேசித்தாள். கண்ணீர் வற்றும்வரை நேசித்தாள். வற்ற மூன்று வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகு சோறு மட்டும் போட்டாள்.

சிவன் வேஷம் கட்டியவன் வீரய்யா. மாடசாமிக்குச் சித்தப்பா மகன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், பேச்சுக் குறைவு. தவத்திலிருக்கும் சிவனாக நடிக்க அவன் ஒன்றும் மெனக்கெட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்தாலே போதும். வேலாயியை "மதினி" என்பான். அவள் "கொழுந்தனாரே" என்பாள். "மலைக்குப் போனா கொழுந்து, லயத்துக்கு வந்தா கொழுந்தன். எனக்கு விடிவே இல்ல" என்று அவள் சீண்டினால், அவன் காது மடல் சிவக்க, தண்ணீர்க் குடத்தை வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த விடியற்காலையில் வீரய்யா நெற்றிக்கண்ணைத் திறந்தான். வைக்கோல் காமன் குப்பென்று பற்றியது. இரண்டு பேர் வெள்ளை வேட்டியைத் திரையாகப் பிடிக்க, மாடசாமி அதன் பின்னால் அலறிக்கொண்டு விழுந்தான். ஒரே புகை. வேட்டியை இறக்கியபோது தரையில் கிரீடம் கிடந்தது, கொஞ்சம் கடித்த கரும்பு வில் கிடந்தது. ஆள் இல்லை. கூட்டம் கைதட்டியது. இவ்வளவு தத்ரூபமாக மாடசாமி செத்ததே இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மத்தியானம் அவன் சோற்றுக்கு வரவில்லை. அப்போதுதான் தோட்டத்துக்குப் பயம் வந்தது.

மறுநாளும் வரவில்லை. ரதி வேஷம் கட்டிய முருகையா கங்காணி வேலாயியின் வாசலுக்கு வந்தார். மீசையை மழித்த மேலுதடு துடித்தது. வேஷம் கலைக்கக்கூடாது என்பதால் சேலையும் முந்தானையுமாகவே வந்திருந்தார்.

"ஏம்மா, நாளைக்கு மதன எழுப்பணும். ஆளே இல்லாம எவன எழுப்புறது? வா, பொலீசுல சொல்லித் தேடச் சொல்லுவோம்."

"ஒங்களுக்குக் கூத்து ஓடணும். எனக்குப் புருஷன் வேணுங்க."

"ரெண்டும் ஒரே ஆளுதானம்மா. கெளம்பு."

டவுனில் பொலீஸ் சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. வேலாயிக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நின்று சொல்ல, எதிர்க் கடைக்காரர் புஹாரி நானாவைக் கூப்பிட்டார்கள். புஹாரி பதுளையிலிருந்து வந்து கடை திறந்து இரண்டே மாதம். அவர் காமன் கூத்தைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. மாடசாமியையும் அவருக்கு "மதன்" என்றே தெரியும். கடைக்கு வந்தால் அவன் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

இங்கே நரிப்பாறைக்காரர்களின் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கூத்துக்காரர்கள் காப்புக் கட்டிவிட்டால், அதை அறுக்கும்வரை அவர்களைச் சொந்தப் பெயரால் சொல்லக்கூடாது. சிவன் சிவன்தான், மதன் மதன்தான். மீறினால் தெய்வக்குற்றம். வேலாயியின் வாய்க்கு அதற்கும் மேல் இன்னொரு பூட்டு: புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்வது வழக்கமில்லை.

"ஆள்ர பேரு என்னண்டு கேக்கிறாரு, தங்கச்சி" என்றார் புஹாரி.

"மதன்னு எழுதச் சொல்லுங்க நானா."

"கடைசியா யாரோட இருந்தாராம்?"

"சிவன்கூடத்தாங்க."

"அவரு என்ன செஞ்ச?"

"நாலு பேரு பாக்க எரிச்சிட்டாருங்க." அதைச் சொல்லும்போதே வேலாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யா அல்லாஹ்!" என்று புஹாரி நெஞ்சில் கை வைத்தார். பிறகு அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். சார்ஜனின் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி வேகமாக ஓடியது.

"எதுக்காம் எரிச்ச?"

"தவத்தக் கலைச்சதுக்குங்க."

தவம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பது என்று புஹாரிக்குத் தெரியும். அதற்குச் சரியான சிங்களச் சொல் அகப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, 'நித்திரையைக் குழப்பியதற்காக' என்று சொன்னார். சார்ஜனும் தூக்கத்தில் எழுப்பினால் கோபப்படுகிறவர். நியாயமான காரணம் என்று தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"மையித்து, பொணம் எங்கயாம்?"

"சாம்பலாயிட்டாருங்க. நாளைக்குத் திரும்ப எழுப்பிருவாங்க."

இதைப் புஹாரி மொழிபெயர்க்கவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டார்.

பெஞ்சில் முருகையா கங்காணி முந்தானையால் மூக்கைச் சிந்தினார். இது யார் என்று சார்ஜன் கேட்டார்.

"ரதி. மதனோட பொஞ்சாதி" என்றார் கங்காணி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆள் விரட்டும் அதே குரலில்.

"அப்ப இந்தத் தங்கச்சி?"

"நானுந்தாங்க பொஞ்சாதி."

சார்ஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். 'மனைவியர் இருவர்' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல். காமன் பொட்டலில் சனம் நிறைந்திருந்தது. மதன் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுப்பும் சடங்கை நிறுத்த முடியுமா? ரதி மாரடித்துக் கேட்டாள். சடாமுடியும் விபூதியுமாக வீரய்யா வலக்கையை உயர்த்தினான்.

"ரதியே, கலங்காதே! உன் பதியை இதோ வரவழைத்தோம்!"

பொலீஸ் ஜீப் வந்து நின்றது.

"சிவன் யாரு?" என்று சார்ஜன், வழியெல்லாம் புஹாரியிடம் பாடம் பண்ணிக்கொண்டு வந்த தமிழில் கேட்டார். நானூறு விரல்கள் வீரய்யாவைக் காட்டின. அவனைச் சடாமுடியோடு ஏற்றினார்கள். சாட்சிப் பொருளாகச் சூலாயுதம் ஒன்று, பாம்பு ஒன்று (துணி) எடுத்துக்கொண்டார்கள். ஓடும் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது எங்க கொழுந்தனாருங்க! அவரு ஒரு எறும்பைக்கூட எரிக்க மாட்டாருங்க!" என்று வேலாயி கதறினாள். புருஷனுக்காக அழுததைவிடச் சத்தமாக அழுததாகப் பிறகு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து நீதவான் முன் தமிழ் தெரிந்த ஒருவர் கதையை விளக்கினார். நீதவான் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார். கூத்து கூத்துதான், ஆனால் ஓர் ஆள் காணவில்லையே, கடைசியாகப் பக்கத்தில் நின்றவன் இவன்தானே? ஆறு மாதம், மாதம் ஒருமுறை பொலீசில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி வீரய்யாவை விட்டார்கள். ஆணை சிங்களத்தில் இருந்தது. ஆறு மாதம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அவன் பத்து வருஷம் போனான்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விட்டது ஒன்று. மதனை எழுப்பாமல் காப்பு அறுக்க முடியாது; மதன் இல்லாமல் எழுப்ப முடியாது. எனவே விசாரணைக்குப் போன ஒவ்வொருவரும், தெய்வக்குற்றத்துக்குப் பயந்து, கடைசிவரை "மதன்" என்றே சொல்லிவிட்டு வந்தார்கள்.

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று லாவணி பாடுவது நம் சனங்களுக்குப் பழைய பொழுதுபோக்கு. எரிந்த கட்சி ஒரு பக்கம், எரியாத கட்சி ஒரு பக்கம், நடுவில் தப்பு. அடுத்த வருஷத்திலிருந்து நரிப்பாறை லாவணியில் காமன் போய், பெயர் சொல்லாமலே, மாடசாமி வந்துவிட்டான். எரிந்த கட்சி சொன்னது: புகையில் கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தான், சிறுத்தை இழுத்தது, எலும்பும் மிஞ்சவில்லை. எரியாத கட்சி சொன்னது: வளையல்காரி ஒருத்தியோடு மொனராகலைக்குப் போய்விட்டான், இல்லை, கள்ளத்தோணி ஏறிச் சினிமாவில் சேர்ந்துவிட்டான், இல்லை, பதுளை பஸ் நிலையத்தில் வடை தின்றுகொண்டு நின்றான், கூப்பிட்டால் திரும்பவில்லை. வடையைக் கண்ட மாடசாமி திரும்ப மாட்டான் என்பது மட்டும் இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

வேலாயி எந்தக் கட்சி? பொட்டு வைத்தால் எரியாத கட்சி, அழித்தால் எரிந்த கட்சி. அவள் மலைக்குப் போகும்போது வைத்தாள். வேர்வையில் அழிந்தால் அழியட்டும் என்று விட்டாள்.

1974இல் பதுளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துத் தமிழர்கள் இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. காணாமல் போவதற்கு முன்பே மாடசாமி, இந்தியாவுக்குப் போகக் குடும்பமாக எழுதிக் கொடுத்திருந்தான். அங்கே போனால் சினிமாக்காரர்கள் தன்னைக் கப்பல்துறையிலேயே கொத்திக்கொண்டு போவார்கள் என்பது அவன் நம்பிக்கை. வீரய்யாவோ இலங்கையிலேயே இருக்க எழுதியவன். வேலாயி பிறந்ததும் நரிப்பாறை, வளர்ந்ததும் நரிப்பாறை. இந்தியா அவளுக்குக் கதையில் வரும் ஊர்.

கச்சேரியில் தமிழ் தெரிந்த கிளாக்கர் கோப்பைப் புரட்டினார்.

"புருஷனோட சேர்ந்துதான் போகணும். மாடசாமி எங்க?"

"காணோங்க."

"உசிரோட இருந்தா கூட்டிட்டு வா. செத்திருந்தா சாவுச் சான்று கொண்டு வா, உன் பேருக்கு மாத்தித் தர்றேன், நீ மட்டும் கப்பல் ஏறலாம். ரெண்டுல எது?"

வேலாயி யோசித்தாள். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று போடுவதுதான் தோட்டத்து வழக்கம்.

"அரைப்பேருன்னு போட்டுக்குங்க ஐயா."

கிளாக்கர் சிரிக்கவில்லை. "ரெண்டுல ஒண்ணு தெரியிற வரைக்கும் இங்கயே இரு" என்று கோப்பை மூடினார். வேலாயி வாசல்படி இறங்கும்போதுதான் அந்த வார்த்தையின் இனிப்பு அவளுக்கு உறைத்தது. பொக்கைவாய்ப் புருஷன் ஏழு வருஷம் கூட இருந்து செய்யாத ஒரே உதவியைக் காணாமல் போய்ச் செய்துகொண்டிருந்தான். அவன் கிடைக்காதவரை அவளுக்கு நரிப்பாறை உண்டு. நரிப்பாறையில் வீரய்யா உண்டு.

வீரய்யா உண்டு என்றால் எப்படி? அதே குடம், அதே வாசல், அதே சிவந்த காது மடல். லயத்தில் அடுத்த அறையான காம்பிராவில் அவன் இருமினால் இவளுக்குக் கேட்கும். மாடசாமி செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டால் அவனைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கப்பல் வந்து நிற்கும், வீரய்யாவின் தலையில் கொலைப் பழியும் விழும். சாகவில்லை என்றால் அவள் அடுத்தவன் பெண்சாதி. விதி இரண்டு இதயங்களைப் பத்தடிச் சுவருக்கு இருபுறமும் வைத்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை ஒன்றைக் கையெழுத்துப் போட அனுப்பியது.

1979 ஐப்பசி மழை. தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே விறகு பொறுக்கப் போனவர்கள் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். பழைய சார்ஜன் இரண்டு தடவை மாற்றலாகிப் போய், அதே நிலையத்துக்குத் திரும்பி வந்திருந்தார். பென்சனுக்கு மூன்று மாதம் இருந்தது. அவர் காலத்தில் முடியாமல் கிடந்த ஒரே கோப்பு இதுதான். வேலாயிக்கு ஆள் அனுப்பினார். அடையாளம் சொன்னால் 'தவறி விழுந்து மரணம்' என்று மூடிவிடலாம். இல்லை என்றால் கோப்பு மேலிடத்துக்குப் போகும். சிவன் என்கிற வீரய்யாவைத் திரும்பவும் உள்ளே வைத்து விசாரிப்பார்கள்.

அன்று காலை வீரய்யா குடத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"இல்லைன்னு சொல்லிரு மதினி."

"சொன்னா ஒங்களத்தான தூக்கிட்டுப் போவாங்க?"

"போகட்டும். ஆமான்னா ஒன்னைய கப்பல்ல ஏத்திருவாங்க. நான் உள்ள இருந்தா நீ சோறு கொண்டாந்து குடுப்ப. நீ ராமேஸ்வரத்துல இருந்தா நான் என்னத்தக் கொண்டாந்து குடுக்கிறது?"

பத்து வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. வேலாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை என்றாள். அடுப்பு எரியவில்லை.

இல்லை என்று சொல்வதென்று தீர்மானித்துத்தான் டவுனுக்கு இறங்கினாள். பொலீசில் ஒரு சாக்கின்மேல் எலும்புகளை அடுக்கியிருந்தார்கள். புஹாரி நானா இதற்குள் தாடி நரைத்து, காமன் பொட்டலுக்கு வருஷாவருஷம் கற்பூரம் கொடுக்கிறவராகியிருந்தார். வேலாயி குனிந்து மண்டையோட்டைப் பார்த்தாள். முன்பல் இரண்டும் முத்து மாதிரி இருந்தன. ஒரு பல் குறையவில்லை. இடது கால் எலும்பு எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது. மாடசாமிக்குக் கால் முறிந்ததே இல்லை. முறிகிற அளவுக்கு அவன் எந்த வேலையும் செய்ததில்லை.

பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே போதும். அவள் வாயைத் திறக்கும் முன் சார்ஜன் கோப்பை வாசித்தார். அதில் ஒரு சொல் மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"நானா, அந்தக் காயிதத்துல என்ன பேரு போட்டிருக்கு?"

"மதன்."

"வேற பேரு?"

புஹாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாள் தாளாகப் பார்த்தார். "முன்னுக்கும் மதன், பின்னுக்கும் மதன். வேற ஒண்டும் இல்ல, தங்கச்சி."

கச்சேரிக் கோப்பில் மாடசாமி. பொலீஸ் கோப்பில் மதன். மாடசாமி காணாமல் போனதாக இந்த நாட்டுப் பொலீசில் எந்தக் காலத்திலும் யாரும் முறையிட்டதில்லை. இங்கே மதன் செத்தாலும் அங்கே மாடசாமி சாக மாட்டான்.

அடுத்த கணம் வேலாயி எழுப்பிய ஓலத்தில் எதிர்க் கடையில் தேநீர் ஆற்றியவன் கோப்பையைக் கீழே போட்டான்.

"ஐயோ மதனே! என் மன்மதனே! இந்தக் கோலத்துலயா ஒங்கள நான் பாக்கணும்!"

முருகையா கங்காணி ஏழு வருஷம் கட்டிய ரதி அந்த ஒரு நிமிஷத்துக்கு உறைபோடக் காணாது. சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். புஹாரியின் கண் கலங்கியது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் சொன்னதை மட்டும் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தார். கோப்பு மூடப்பட்டது. சூலாயுதத்தையும் துணிப்பாம்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீரய்யாவிடம் கொடுத்தார்கள். அதுதான் அவனுடைய கடைசிக் கையெழுத்து.

எலும்புகளை நரிப்பாறைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். மதனுக்குச் சாவு நடந்துவிட்டதால் எழுப்ப வேண்டியதில்லை என்று முருகையா தீர்ப்புச் சொல்லி, பத்து வருஷக் காப்பை அறுத்தார். எரிந்த கட்சி தப்படித்து ஆடியது. எரியாத கட்சி ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. கச்சேரிக் கடிதம் மட்டும் வருஷத்துக்கு ஒன்று வந்தது. வேலாயி போய், "இன்னும் காணோங்க" என்று சொல்லிவிட்டு, பதுளையில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

வீரய்யாவின் குடம் அந்தத் தை மாதத்திலிருந்து வாசலைத் தாண்டி உள்ளே போனது. தாலி இல்லை, மேளம் இல்லை. மதனின் விதவை மாடசாமியின் மனைவியாக வீரய்யாவோடு குடித்தனம் நடத்தினாள். முறை தெரியாமல் தோட்டமே திணறியதால், யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் அந்தக் குழிமேட்டில் அவள் பூ வைக்கும்போது வீரய்யா கேட்டான்: "அது யாரு மதினி?" அவன் கடைசிவரை மதினி என்பதை விடவில்லை.

"எவளோ ஒருத்தியோட மாடசாமி."

சொன்ன பிறகு அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் புருஷனைக் காணாமலே வைத்துக்கொள்ள, இன்னொருத்தியின் புருஷனை அவள் கிடைக்காமல் செய்துவிட்டாள். அவன் பெண்சாதி எந்தத் தோட்டத்தில் பொட்டை வைத்து வைத்து அழித்துக்கொண்டிருக்கிறாளோ! மறுநாள் மலைக்குப் போகாமல், அரைப்பேரும் இல்லாமல், டவுனுக்கு இறங்கினாள்.

"நானா, ஒங்க கடைக்கு நாலா பக்கத்து சனமும் வருதுல்ல? முன்பல்லு ரெண்டும் நல்லா இருக்கிற, எடது காலு ஒடஞ்சு கோணலாச் சேந்த ஆளத் தேடிக்கிட்டு யாராச்சும் வந்தா, எங்கிட்ட அனுப்புங்க."

"வந்து கேட்டா என்ன சொல்லப் போற, தங்கச்சி?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுவேன். எடம் காட்டுவேன்."

"பொறகு ஒனக்கும் கூண்டு, வீரய்யாவுக்கும் கூண்டு."

"வரட்டும் நானா. அவ அழுது முடிக்கணும்ல?"

புஹாரி அதற்குப் பிறகு மாவு நிறுக்கும்போதும் சீனி கட்டும்போதும், வெளித்தோட்டத்துப் பெண்களிடம் புருஷன் கால் சுகமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நானாவுக்கு வயசாகிவிட்டது என்று அவர்கள் சிரித்தார்கள்.